மேனுவலா, டூயல் கிளட்சா: டிராக்கில் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஒரே மாடல், ஒரே டயர். ஒன்றில் மேனுவல், இன்னொன்றில் டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் வைத்து, கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் பெட்டி). இரண்டையும் ஒரே நாளில் டிராக்கில் ஓட்டக் கிடைத்தது. போர்ஷே 911 ஜிடி3 நூறு கிலோமீட்டர் வேகம் தொட பிடிகே என்னும் அதன் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் 3.4 விநாடி, மேனுவலில் 3.9 விநாடி என்று கம்பெனியே சொல்கிறது. ஆனால் அது நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும் லேப்பில் (டிராக்கின் ஒரு முழுச் சுற்றில்) அதற்கு வேலை இல்லை.

நேர்பாதையில் நடப்பது எதிர்பார்த்ததுதான். டூயல் கிளட்சில் ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சிலும் இரட்டைப்படை கியர்கள் மற்றதிலும் இருப்பதால், அடுத்த கியர் தயாராகக் காத்திருக்கும்; இழுவை அறுபடாது. ஓட்டத்தின் பதிவை வரைபடமாகப் பார்த்தால், மேனுவலின் வேகக் கோட்டில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு சின்னப் படி தெரிந்தது.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது பிரேக் அழுத்தக் கோடு. டூயல் கிளட்சில் அது சட்டென்று உச்சிக்குப் போய், வளைவுக்குள் நுழையும்வரை வழுவழுப்பாக இறங்குகிறது. மேனுவலில் கியரைக் கீழே இறக்கும்போது என்ஜின் வேகம் ஒத்துவர, பிரேக்கை மிதித்துக்கொண்டே அதே காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்ட வேண்டுமே, ஒவ்வொரு தட்டலுக்கும் கோடு நடுங்குகிறது. அந்த நடுக்கத்துக்குப் பயந்து கால் தானாகவே கொஞ்சம் முன்னதாக பிரேக்குக்குப் போய்விடுகிறது. நேரம் அதிகமாகக் கரைந்தது அங்கேதான், கியரை மேலே மாற்றுவதில் இல்லை.

*

மேலே எழுதியவர் சொன்னது சரி. ஆனால் கியர்பாக்ஸைவிட எலெக்ட்ரானிக்ஸ்தான் என் லேப்பை அதிகம் மாற்றியது. கார் வழுக்கிச் சுழலாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை முழுசாக இயங்க விட்டு ஓட்டினால், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் என்ஜின் ஒரு கணம் மௌனமாகிவிடும். கேட்டது ஒன்று, கிடைத்தது பாதி! அது போதாதென்று சக்கரங்களைத் தனித்தனியாக பிரேக் பிடித்து காரை நேராக்குகிறது. கொஞ்ச நேரத்தில் பின் பிரேக் பேடுகளிலிருந்து கருகல் வாடை. பின்னால் நான் அவ்வளவு மிதிக்கவே இல்லை.

அதன் தலையீட்டைத் தளர்த்தும் ஸ்போர்ட் மோடுக்குப் போனதும் லேப் நேரம் குறைந்தது. முழுசாக அணைத்தபோது காய்ந்த தரையில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. தரை ஈரமானதும் கதை தலைகீழ், ஸ்போர்ட் மோடே வேகம். அது இருக்கிற தைரியத்தில் கால் சீக்கிரம் இறங்குகிறது, அவ்வளவுதான். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி ஆர் காரில், சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு ஒன்பது படி திருகு வைத்தது சும்மா இல்லை. ஃபார்முலா 1 இதை 2008-லிருந்து தடை செய்ததும் சும்மா இல்லை. ஏபிஎஸ்ஸை மட்டும் நான் தொடுவதில்லை.

*

ஒரு கணக்கு மட்டும் சேர்க்கிறேன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே டிராக்கின் முழுச் சுற்றில், 2021-இல் வெளிவந்த ஜிடி3 பிடிகேயோடு எடுத்தது 6 நிமிடம் 59.927 விநாடி. 2025-இல் அதன் புதிய பதிப்பு மேனுவல் கியர்பாக்ஸோடு 6 நிமிடம் 56.294 விநாடி. அதே புதிய காரை பிடிகேயில் விட்டிருந்தால் இன்னும் குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மேனுவல் வாங்கினால் டிராக்கில் பின்தங்கிவிடுவோம் என்று தயங்குகிறவர்கள், முதலில் நல்ல டயர் போட்டுப் பாருங்கள்.