சனசமூக நிலைய உழவு இயந்திரம் சூடேறியபின் இழுவை குறைவது குறித்து

ஊரவர் அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணர் அனுப்பிய மடலையும், தம்பிமார் கைப்பேசியில் எடுத்த காணொளியையும் பார்த்தேன். தண்ணீர் பவுசர் இழுக்கும் நமது பழைய பெற்றோல் பெர்குசன் உழவு இயந்திரம் காலையில் உடனே தொடங்கி, முதல் அரை மணித்தியாலம் குறையின்றி ஓடுகிறது. பின்னர் வெயிலும் ஏறி இயந்திரமும் சூடானதும் குளக்கட்டு ஏற்றத்தில் இழுவை இழந்து, இருமி இருமி நின்றுவிடுகிறது. நிழலில் விட்டு ஆறவைத்தால் ஒன்றும் நடவாததுபோல மீண்டும் தொடங்குகிறது. எஞ்சினை இறக்கிப் போர் அடித்து (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து), புதிய பிஸ்ரனும் ரிங்சும் போடவேண்டும் என்று கராஜில் சொல்லியிருப்பதால் நிதி சேர்க்கலாமா என்று அண்ணர் கேட்டிருக்கிறார். இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ரிங்ஸ் தேய்ந்த எஞ்சின் முதலில் காலைத் தொடக்கத்திலேயே அடம்பிடிக்கும், சைலன்சரில் நீலப் புகை தள்ளும், எண்ணெய் குடிக்கும். காணொளியில் புகையே இல்லை, எண்ணெய் குறைவதாகவும் எவரும் எழுதவில்லை. குளிரில் நன்றாக இழுத்து, சூட்டில் மட்டும் தளர்ந்து, ஆறியதும் திருந்துகிற பழுது பெரும்பாலும் மின்பொறியிலோ எரிபொருள் வழியிலோதான் இருக்கும். இதில் உள்ள தொல்லை, கராஜுக்கு இழுத்துச் சென்று சேர்க்கும்போது எஞ்சின் ஆறிவிடுகிறது; ஆறிய எஞ்சினில் எதைச் சோதித்தாலும் எல்லாம் சரியாகவே தெரியும். எனவே சோதனைகள் யாவும் அது நின்ற இடத்தில், நின்ற முதல் பத்து நிமிடத்துக்குள் செய்யப்படவேண்டும். சாவிகள், ஒரு பிளக், இரண்டு ஈரத்துணி, ஒரு கண்ணாடிப் போத்தல் ஆகியவற்றைப் பவுசரிலேயே கொண்டுபோவது நல்லது.

முதற்சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. இழுவை குறையத் தொடங்கும்போதே ஓட்டுபவர், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்கட்டும். இழுத்ததும் எஞ்சின் தெம்பாகிவிட்டால் அதற்குப் பெற்றோல் போதியளவு வரவில்லை என்று பொருள். மாற்றமே இல்லாவிட்டாலோ, மேலும் மோசமாகிக் கரும்புகை தள்ளினாலோ மின்பொறிப் பக்கமாகத் திரும்பலாம். இந்த ஒரு சோதனையே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பெற்றோல் குறைபாடு என்று தெரிந்தால் முதலில் ராங்கியின் (பெற்றோல் தாங்கியின்) மூடியைத் திறந்து பாருங்கள். அந்த மூடியில் காற்றுப் புகுவதற்கு ஒரு சிறு துளை உண்டு. அது புழுதியால் அடைபட்டால், பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உருவாகி, வரத்துச் சிறிது சிறிதாக நின்றுவிடும். மூடியைத் தளர்த்தும்போது காற்று உள்ளிழுக்கும் சத்தம் கேட்டு, எஞ்சினும் மீண்டும் இழுத்தால் வேலை அத்துடன் முடிந்தது. இல்லாவிட்டால், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேற்றரில் சேரும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் ஓடவிட்டுப் பாருங்கள். இந்த இயந்திரத்தில் பெற்றோல் பம்ப் கிடையாது. எஞ்சினுக்கு மேலுள்ள ராங்கியிலிருந்து தானாகவே இறங்குகிறது. ஆகவே ஓட்டம் ஒரே சீராக இருக்கவேண்டும். முதலில் வேகமாக வந்து பின் சொட்டாகக் குறைந்தால், ராங்கியின் அடியில் உள்ள துருப்பொடி ஓட்டத்தின் அதிர்வில் கிளம்பி, வடிகட்டியில் போய் அடைக்கிறது என்று கொள்ளலாம். நிறுத்தி வைத்தால் அந்தப் பொடி மறுபடி அடியில் படிந்துவிடுவதால், ஆறவிட்டதால்தான் திருந்தியது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இதனைச் செய்யும்போது எஞ்சின் நின்றிருக்கவேண்டும், பற்றரி வயர் கழற்றப்பட்டிருக்கவேண்டும், அருகில் எவரும் பீடி பற்றவைக்கக்கூடாது. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் பெற்றோலைத் திறப்பது விளையாட்டல்ல.

இருப்பினும் காணொளியில் கேட்ட அந்த ஒழுங்கற்ற இருமலை வைத்து எனக்கு மின்பொறிப் பக்கம்தான் சந்தேகம். பற்றரியின் மின்னழுத்தத்தைப் பொறி பாயுமளவுக்கு உயர்த்தும் கொயிலுக்குள் மிக மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. அதன் காப்புப் பூச்சு பழுதடைந்திருந்தால், குளிரில் தாக்குப்பிடித்து, சூட்டில் கம்பி விரியும்போது உள்ளுக்குள்ளேயே மின் கசிந்துவிடும். எஞ்சின் நின்ற உடனே, கொயிலின் நடுவயரை, பிளக்குகளுக்கு மின்னைப் பகிரும் டிஸ்ரிபியூற்றரிலிருந்து கழற்றி, காய்ந்த தடியில் கட்டி, நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலத் தூரத்தில் பிடித்துக்கொண்டு ஒருவர் ஸ்ராட்டரை அடிக்கட்டும். இதைப் பெற்றோல் குழாயைப் பூட்டி, சிந்தியதைத் துடைத்த பிறகே செய்யவேண்டும். நீலமாக, சடக் சடக்கென்ற சத்தத்தோடு பொறி பாய்ந்தால் கொயில் நன்று. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் கொயில் மீது ஈரத்துணியைச் சுற்றி ஆறவைத்து மறுபடி பாருங்கள். துணி சுற்றியபின் பொறி நீலமாகிவிட்டால் கொயிலை மாற்றுவதுதான் வழி.

அதற்கு முன் கொயிலில் எத்தனை வோல்ற்று என்று எழுதியிருக்கிறது என்பதைத் தம்பிமார் துடைத்துப் பார்த்துச் சொல்லவேண்டும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ரி நகரில் உற்பத்தியான இந்தச் சாம்பல் நிறப் பெர்குசன்களில் முற்பகுதியில் வந்தவை 6 வோல்ற்று முறையிலும், பிற்பட்டவை 12 வோல்ற்று முறையிலும் அமைந்தவை. நமது இயந்திரத்தில் இப்போது சாதாரண 12 வோல்ற்று கார் பற்றரி நிற்பது காணொளியில் தெரிகிறது. பற்றரியை மாற்றியவர் கொயிலை மாற்றாமல் விட்டிருந்தால், ஏறத்தாழ ஒன்றரை ஓம் தடையுள்ள 6 வோல்ற்று கொயிலில் இரு மடங்கு மின்னோட்டம் பாய்ந்து, நான்கு மடங்கு வெப்பம் உண்டாகும். அரை மணித்தியாலத்தில் அது கைவைக்க முடியாதபடி கொதிப்பதில் வியப்பில்லை, டிஸ்ரிபியூற்றருக்குள் கொயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பொயின்றும் கருகும். 12 வோல்ற்றுக்கென்றே செய்யப்பட்ட, சுமார் 3 ஓம் தடையுள்ள கொயில்தான் அதற்குப் பொருத்தம்.

கொயிலோடு, பொயின்றில் பொறி பறக்காமல் காக்கும் கொண்டென்சரையும் மாற்றிவிடுங்கள், அதன் விலை சொற்பம். அதுவும் சூட்டில் செயலிழக்கும் பண்டந்தான். டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றும்போது பொயின்றின் நடுவே பெரிதாகப் பொறி பறந்தால் கொண்டென்சர் போய்விட்டது என்று துணியலாம். ஆனால் இப்போது சந்தையில் வரும் மலிவான கொண்டென்சர்கள் சில பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பழுதானவை. பழையதை உடனே வீசிவிட வேண்டாம்.

இன்னொன்று நமது ஊர் இயந்திரங்களுக்கே உரிய சங்கதி. போர்க்காலத்தில் அரசு விதித்த பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் பெற்றோல் வருவதில்லை என்பதால், மோட்டார் சைக்கிள் முதல் உழவு இயந்திரம் வரை ஒரு மூடி பெற்றோல் காட்டித் தொடக்கி, மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு (நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் தன்மை) மிகக் குறைவாகையால் சூடேறியதும் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் எழும். அதைத் தவிர்க்க அன்றைய மெக்கானிக்மார் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பிப் பொறி பிந்தி விழும்படி வைத்தார்கள். அது அக்காலத்துக்கு ஏற்ற கைவேலைதான். 2002 இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்து பெற்றோல் வந்தபின் அதைப் பழைய நிலைக்குத் திருப்பினார்களா என்பது கேள்வி. 92 ஒக்டேன் பெற்றோலைப் பிந்திய பொறியில் எரித்தால், சக்தியாக மாறவேண்டிய வெப்பம் சைலன்சர் வழியே வெளியேறி, எஞ்சினையும் பக்கத்திலுள்ள கார்பரேற்றரையும் சுட்டுக்கொண்டிருக்கும். டிஸ்ரிபியூற்றர் இருக்கும் நிலையை ஆணியால் கீறி அடையாளமிட்டு, பிடியைத் தளர்த்தி, உள்ளே றோட்டர் சுழலும் திசைக்கு எதிராக மிகச் சிறிதளவு திருப்பி, அதே குளக்கட்டில் பவுசரோடு ஓட்டிப் பார்க்கலாம். ஏற்றத்தில் தட்டும் சத்தம் கேட்டால் சிறிது பின்வாங்கவேண்டும்.

ராங்கிக்குள் சிறு பெற்றோல் அறை தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட மாதிரி. அதில் எரிபொருளை ஆவியாக்குவதற்காக மனிபோல்டை (எஞ்சினோடு பொருந்திய எரிபொருள், புகைக் குழாய்த் தொகுதியை) மூடி ஒரு வெப்பத் தகடு இருக்கும். முழுநேரமும் பெற்றோலிலேயே ஓட்டுவதானால் அந்தத் தகட்டைக் கழற்றிவிடுவது நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பழுது தொடர்ந்தால் வால்வு இடைவெளியைச் சந்தேகிக்கலாம். இடைவெளி குறைந்த வால்வு சூட்டில் நீண்டு முழுவதும் மூடாமல் நிற்கும். சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை ஆறிய நிலையில் ஒருமுறையும் சூட்டில் ஒருமுறையும் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அப்போதும் பெரும்பாலும் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், போர் அடிக்கத் தேவை வராது. றேடியேற்றர் இடுக்கில் பதரும் புழுதியும் அடைந்திருந்தால் உள்ளிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் அன்றே முடிந்துவிடும் வேலை.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டே சோதனையைத் தொடங்குவோம் என்று தம்பிமார் எழுதியிருக்கிறார்கள். உடையுங்கள், ஆனால் சோக் சோதனையைக் காணொளியாக எடுத்து அனுப்புங்கள். சோக்கை இழுக்கும் கையும் எஞ்சின் சத்தமும் ஒரே பதிவில் இருக்கவேண்டும். கொயிலில் உள்ள எழுத்தைத் தனியாகப் படம் எடுத்தால் போதும். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு ஊர் செல்லும் அங்கத்தவர் எவராவது இருந்தால் தெரிவியுங்கள். படம் வந்ததும் உரிய கொயிலையும் நல்ல கொண்டென்சர் இரண்டையும் வாங்கி அவரிடம் சேர்ப்பிக்கிறேன், அந்தச் செலவு என்னுடையது.