ஸ்டென்ட் வைத்துப் பல வருடம் ஆனவர்கள் எப்படி இருக்கிறீர்கள்?

எனக்கு 2011-இல் வைத்தார்கள், அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் அந்தச் சின்னக் கம்பிவலைக் குழாயை. இதயத்தின் இடப்பக்கக் குழாயில் 90 சதவீத அடைப்பு, அப்போது வயது 49. ஊரில் 'ஸ்ப்ரிங் வைத்த ஆள்' என்றே பெயராகிவிட்டது. உள்ளே சதை வளராமல் இருக்க மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கே லட்ச ரூபாய்க்கு மேல் கட்டினோம். (2017-இல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்து அதை 29,600-க்கு இறக்கிய செய்தியைப் படித்துவிட்டு வீட்டுக்காரம்மா விட்ட பெருமூச்சு இருக்கிறதே!)

2019-இல் மாடி ஏறும்போது அதே பழைய இறுக்கம். ஸ்டென்ட் அடைத்துவிட்டது என்றே நினைத்தேன். ஆஞ்சியோவில் (குழாய்க்குள் சாயம் விட்டு எடுக்கும் எக்ஸ்ரே) பார்த்தால் அது நன்றாகத் திறந்திருக்கிறது. அடைப்பு வலப்பக்கக் குழாயில், புதிது. "கொழுப்பு மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க?" என்றார் டாக்டர். இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் நானே நிறுத்தியிருந்தேன். மாத்திரை போட்டதால்தான் நார்மல் என்பது உறைக்கவில்லை. ஸ்டென்ட் திறந்துவிட்டது ஓர் அங்குலம் குழாயை. மற்ற இடங்களில் கொழுப்பு படிவதை அது என்ன செய்யும்? இப்போது எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை 55-க்குக் கீழே வைத்திருக்கிறேன்.

*

ஐயா, உங்களுக்குக் கொழுப்பு மாத்திரை, என் அப்பாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த நாலாவது மாதம் கடைவாய்ப்பல் வலி. பிடுங்கினால் ரத்தம் நிற்காது, ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டையும் ஒரு வாரம் நிறுத்துங்கள் என்று பல் கிளினிக்கில் சொன்னார்கள். நாங்களும் இருதய டாக்டரைக் கேட்கவில்லை. ஆறாம் நாள் விடியற்காலை வியர்த்துக் கொட்டிவிட்டது. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தக்கட்டி! கம்பியின் மேல் உள்தோல் வளர்ந்து மூடும்வரை அதில் ரத்தம் ஒட்டி உறையப் பார்க்குமாம்; மருந்து பூசியதில் அந்தத் தோல் இன்னும் மெதுவாகத்தான் வளருமாம். பிழைத்துக்கொண்டார், ஆனால் எக்கோ ஸ்கேனில் பார்த்தால் இதயத்தின் பம்பிங் (ரத்தத்தை வெளியே தள்ளும் திறன்) 35 சதவீதம்தான். மாத்திரையை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கலாம், பஞ்சை அழுத்திக் கடித்தால் பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

*

அம்மாவுக்கு 2004-இல் மருந்து பூசாத சாதா ஸ்டென்ட். ஆறே மாதத்தில் உள்ளே சதை வளர்ந்து சுருங்கிவிட்டது. சாதா ஸ்டென்டில் இது சகஜம் என்றார்கள். அதற்குள்ளேயே மருந்து பூசியது இன்னொன்று வைத்தார்கள். இருபது வருடம் தாண்டிவிட்டது. க்ளோபிடோக்ரெல்லை டாக்டரே எப்போதோ நிறுத்திவிட்டார், ஆஸ்பிரின் மட்டும் தொடர்கிறது. காலையில் குனிந்து கோலம் போடுகிறார். சர்க்கரைதான் சொன்ன பேச்சு கேட்பதில்லை.