ஒரே எழுத்தாளர்கிட்ட மாட்டிக்கிட்டேன், அடுத்தவர்கிட்ட எப்படிப் போறது?

வாசல்படி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தது, இன்னைக்குக் கேட்டுடறேன். மூணு வருஷமா நான் தி.ஜானகிராமன் மட்டும்தான் படிச்சிட்டிருக்கேன். மோகமுள்ல ஆரம்பிச்சது. ரங்கண்ணா பாபுவுக்குப் பாட்டு சொல்லித்தர்ற பக்கங்கள் படிச்சப்போ எனக்கு சங்கீதத்துல ஒண்ணுமே தெரியாது, ஆனா தம்புரா சத்தம் காதுல கேட்டுச்சு, அங்கயே விழுந்துட்டேன். அப்புறம் அம்மா வந்தாள், செம்பருத்தி, மரப்பசு, சிறுகதைங்கன்னு கிடைச்சதெல்லாம் படிச்சு, முடிஞ்சதும் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன்.

இப்ப பிரச்சனை என்னன்னா வேற யாரோட புத்தகத்த எடுத்தாலும் இருபது பக்கம் தாண்ட முடியல. நல்லா எழுதியிருக்காங்கன்னு புரியுது, ஆனா ரெண்டு பேர் பேசிக்கிற இடம் வந்ததும் மனசு தானா ஒப்பிட ஆரம்பிச்சிடுது, இத அவர் எழுதியிருந்தா அந்தப் பொண்ணு இப்படி முழு வாக்கியமா பேசியிருக்க மாட்டாளேன்னு தோணுது, புத்தகத்த மூடி வெச்சிடறேன். நான் எழுதற மெயில்ல கூட அவரோட வாக்கியம் மாதிரி வருதுன்னு நண்பர் ஒருத்தர் சொன்னாரு. ஜானகிராமன் 1982லயே போயிட்டாரு, இனிமே புதுசா ஒரு வரி வராதுன்னு நினைச்சா நிஜமாவே வருத்தமா இருக்கு.

பத்து சிறந்த நாவல் மாதிரி லிஸ்ட் வேணாம், அது நிறைய பார்த்துட்டேன். உங்கள வாசகரா ஆக்கின எழுத்தாளர் யாரு, அவர்கிட்டேர்ந்து அடுத்தவர்கிட்ட எப்படிப் போனீங்கன்னு சொன்னா போதும்.

ராப்பாடி:
எனக்கு அது சுஜாதா. பதிமூணு பதினாலு வயசுல கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைங்க. உங்கள மாதிரியேதான், நாலஞ்சு வருஷம் வேற யாரும் பிடிக்கல, கதைன்னா வேகமா போகணும், அவ்வளவுதான்னு இருந்தேன். ஆனா என்ன அங்கேர்ந்து வெளிய கூட்டிட்டுப் போனது வேற யாரும் இல்ல, அவரேதான். கதைங்க தீர்ந்துபோனதும் கட்டுரைங்கள எடுத்தேன், கற்றதும் பெற்றதும், கணையாழியின் கடைசி பக்கங்கள். அதுல பக்கத்துக்குப் பக்கம் அடுத்தவங்க எழுத்தப் பத்தித்தான் பேசுவாரு, இந்தக் கவிதை நல்லா இருக்கு, இந்தச் சிறுகதையப் படிங்கன்னு. அப்படிக் கேள்விப்பட்ட பேர்கள ஒரு நோட்ல எழுதி வெச்சேன், அந்த நோட்டுதான் அடுத்த பத்து வருஷம் நான் படிச்சது மொத்தமும். குறுந்தொகைக்கும் அவர் வழியாத்தான் போனேன். 401 பாட்டுக்கும் இன்னைய தமிழ்ல எழுதி '401 காதல் கவிதைகள்'னு போட்டிருக்காரு. அத மூலத்தோட பக்கத்துல வெச்சுப் படிக்க ஆரம்பிச்சு ஒரு கட்டத்துல மூலமே போதும்னு ஆயிடுச்சு.

அதனால என் யோசனை என்னன்னா, உங்க எழுத்தாளர் யாரப் படிச்சாரு, யாரு கூடப் பழகினாருன்னு தேடுங்க. எனக்குத் தெரிஞ்ச இன்னொருத்தர் சுந்தர ராமசாமி பைத்தியமா இருந்தாரு, அவர் மொழிபெயர்த்த செம்மீன், தோட்டியின் மகன் ரெண்டையும் படிச்சுட்டு, அதுங்கள மலையாளத்துல எழுதின தகழியத் தேடி மலையாளமே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டாரு.

நூலகத்தூசி:
மூணு வருஷம் ஒருத்தரையே படிச்சது ஒண்ணும் தப்பில்லைங்க, எதுக்கு அவசரப்பட்டு வெளிய வரணும்? நான் ஆறு வருஷம் புதுமைப்பித்தன்லயே இருந்தேன். மனுஷன் 42 வயசுலயே 1948ல காசநோயில போயிட்டாரு, மொத்தமே நூத்திச் சொச்சம் கதைதான். இருபது வயசுல பொன்னகரம் படிச்சுட்டு அந்தக் கடைசி வரியத் தூக்கிட்டு எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். அப்ப செல்லம்மாள்ல ஒண்ணுமே நடக்கலன்னு தாண்டிப் போயிட்டேன், வீட்டுல ஒருத்தர் ரொம்ப நாள் படுக்கையில இருந்தப்போ ராத்திரி முழிச்சிருந்து மறுபடி படிச்சேன், தாங்க முடியல. அதே பக்கங்கள்தான். ஒரு எழுத்தாளர முழுசா படிச்சு முடிச்சிட்டோம்னு மூணு வருஷத்துல சொல்லிட முடியாதுன்னு நினைக்கிறேன்.

மழைக்கால வாசகி:
வாசல்படி, உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன், நானும் தி.ஜா.வாலதான் வாசகியானேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

அம்மா வந்தாள் படிச்சப்போ எனக்குப் பத்தொம்பது வயசு. அலங்காரத்தம்மாள மாதிரி ஒரு அம்மாவ அதுவரைக்கும் எந்தக் கதையிலயும் நான் பார்த்ததில்ல. தப்பு பண்ணின அம்மாங்க வருவாங்க, அழுவாங்க, சாவாங்க. இவங்க அப்படி இல்ல, நிமிர்ந்து நடக்கறாங்க, ஆசிரியர் அவங்கள தண்டிக்கல, பிரமிப்போட பார்க்கறாரு. 1966ல ஒருத்தர் இத எழுதியிருக்காரேன்னு எனக்கு மலைப்பா இருந்தது. பல வருஷம் அந்த மலைப்புலயே இருந்தேன்.

அப்புறம் அம்பையோட 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு கைக்கு வந்தது. தலைப்புக் கதையில மீனாட்சி தன்னோட மாமியார் ஜீஜியோட படுக்கைப் பக்கத்துல உக்காந்து, இந்த சமையலறை இல்லாம இருந்தா நீங்க என்னவெல்லாம் ஆகியிருக்கலாம்னு பேசற இடம் இருக்கு. அதப் படிச்சு முடிச்ச ராத்திரி எனக்கு அலங்காரத்தம்மாள் ஞாபகம் வந்தாங்க. அவங்க பக்கத்துல உக்காந்து இப்படி யாரு பேசினா? நாவல்ல பெரும்பாலும் அவங்க பையன் அப்புதான் பார்க்கறான், அவன் பிரமிக்கறான், வேதனைப்படறான், நாமளும் அவன் கண்ணாலதான் அவங்களப் பார்க்கறோம். அவங்க உள்ள என்ன ஓடுச்சுன்னு நான் ஒரு தடவ கூட கேட்டுக்கல, அவ்வளவு பிடிச்ச புத்தகத்துல!

உடனே திரும்பப் போய் படிச்சேன், கோவத்தோடதான் படிச்சேன். ஆனா ஆச்சரியமா இன்னும் அதிகமா பிடிச்சது, ஏன்னா இப்ப அவங்க பேசாம இருக்கற இடங்களும் கண்ணுல பட்டுச்சு, கடைசியில காசிக்குக் கிளம்பறது கூட வேற மாதிரி கேட்டுச்சு. அம்பைக்கு 2021ல சாகித்ய அகாதமி கிடைச்சப்போ சொந்தக்காரங்களுக்குக் கிடைச்ச மாதிரி சந்தோஷப்பட்டேன், ஆனா தி.ஜா.வ நான் விட்டுடல. ரெண்டு பேரும் எனக்குள்ள வாக்குவாதம் பண்ணிக்கிட்டே இருக்காங்க, அந்த வாக்குவாதத்துலதான் மத்த எல்லாப் புத்தகமும் நான் படிக்கறேன்.

அதனால தி.ஜா. மாதிரியே எழுதறவங்களத் தேடாதீங்க, அவங்க எல்லாரும் உங்ககிட்ட தோத்துப் போவாங்க. அவர் பார்க்காத பக்கத்துலேர்ந்து பார்க்கறவங்க யாருன்னு தேடுங்க.

கரிசல்காத்து:
நான் வேற வழி சொல்றேன், நாவல வெச்சுத் தாண்டாதீங்க, ஒரே ஒரு கதைய வெச்சுத் தாண்டிப் பாருங்க. தி.ஜா.வோட சிலிர்ப்பு ஞாபகம் இருக்கும், ரயில்ல அந்தச் சின்னப் பொண்ணு கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும், கதை சொல்றவரோட பையன் தன்கிட்ட இருந்த ஆரஞ்ச அவகிட்ட குடுப்பான். அத இன்னொரு தடவ படிச்சுட்டு, அன்னைக்கே, கு.அழகிரிசாமியோட அன்பளிப்பு படிங்க. அதுவும் குழந்தைங்க கதைதான். சிலிர்ப்புல ஒரு குழந்தை குடுக்கும், இதுல ஒரு குழந்தைக்குக் கிடைக்காம போகும். பெரியவங்க கவனிக்காம விட்ட ஒரு சின்ன விஷயம் அந்தப் பையனுக்குள்ள எவ்வளவு பெருசா ஆகுதுன்னு ஒரு வார்த்தை கூட விளக்காம எழுதியிருப்பாரு.

அவர் பிடிச்சா அங்கேர்ந்து கி.ராஜநாராயணன் ரெண்டடி தூரம்தான், ரெண்டு பேரும் இடைசெவல்ல ஒண்ணா வளர்ந்த சிநேகிதங்க, கு.அ. கி.ரா.வுக்கு எழுதின கடிதங்கள் தனிப் புத்தகமாவே இருக்கு. கி.ரா.கிட்ட ஜனங்க பேசறது தி.ஜா.வோட பேச்சு இல்ல, முழுக்க வேற காது. ஆனா நீங்க சொன்னீங்களே, முழு வாக்கியமா பேசாத ஆளுங்க, அது அங்கயும் இருக்கு. பிஞ்சுகள் இல்லன்னா கோபல்ல கிராமம், எது முதல்ல கிடைக்குதோ அது.

வாசல்படி:
எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு நினைக்கல. மழைக்கால வாசகி அக்கா, நீங்க சொன்னது ஒரு வாரமா தலைக்குள்ளயே இருக்கு, நானும் அந்தக் கதையில அலங்காரத்தம்மாள ஒண்ணும் கேட்டதில்ல. அம்பை தொகுப்பு ஆர்டர் போட்டிருக்கேன்.

கரிசல்காத்து, நேத்து ராத்திரி சொன்ன மாதிரியே ரெண்டு கதையையும் அடுத்தடுத்து படிச்சேன். அன்பளிப்பு ஆரம்பிச்சப்போ முதல் ரெண்டு பக்கம் வழக்கம் போல ஒப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன், எந்த இடத்துல நிறுத்தினேன்னு தெரியல. கடைசியில அந்தப் பையன் சாரங்கன் டைரிய நீட்டி, இதுல எழுதுங்கன்னு சொல்லி, என்ன எழுதணும்னும் அவனே சொல்றப்போ தி.ஜா. ஞாபகமே இல்ல. விளக்க அணைச்சுட்டு ரொம்ப நேரம் தூங்கல. கு.அ.வோட மொத்தக் கதைகளும் ஒரே தொகுப்பா கிடைக்குமா, யார்கிட்டயாவது இருந்தா எந்தக் கதையிலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்க.