'அன்லிமிடெட் பேண்ட்வித்' ஷேர்டு ஹோஸ்டிங் போதுமா, விபிஎஸ் போகணுமா?

தேர்வுத்தோழன்:
டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மாதிரி வினாத்தாள், நடப்பு நிகழ்வுத் தொகுப்பு போடுற வேர்ட்பிரஸ் தளம் நடத்துறேன். ஒரு பிடிஎஃப் சராசரியா 12 எம்பி. சாதாரண நாள்ல ஈ ஓட்டுறதுதான். தேர்வுக்கு முந்தின வாரம் டெலிகிராம்ல லிங்க் பரவி, ஒரே சாயங்காலத்துல 20,000 டவுன்லோடு வரைக்கும் போகுது. போன தடவை தளம் படுத்துடுச்சு. 'அன்லிமிடெட்' ஷேர்டையே (ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கு போடுறது) புதுப்பிக்கவா, மாசம் 6 டாலர் விபிஎஸ் (நமக்குன்னு ஒதுக்கின மெய்நிகர் சர்வர்) எடுக்கவா, இல்ல அமேசான் கிளவுடா? பேண்ட்வித் கணக்குதான், அதாவது தளத்துலிருந்து எவ்வளவு டேட்டா போகலாம்ங்கிறது, எனக்குப் பிடிபடல.

கடலூர்க்காரன்:
ஷேர்டையே புதுப்பிங்க சார். 20,000 × 12 எம்பி, மொத்தம் 240 ஜிபி. நான் ரீசெல்லர் ஹோஸ்டிங் விக்கிறவன். டேட்டா தீர்ந்து நின்ன தளத்தைவிட, பிராசஸ் வரம்புல முட்டி நின்ன தளம்தான் அதிகம் பார்த்திருக்கேன். படுத்தப்ப திரையில வந்த எரர் எண் 508-ஆ, 509-ஆ?

தேர்வுத்தோழன்:
508 ரிசோர்ஸ் லிமிட்.

கடலூர்க்காரன்:
அப்ப பேண்ட்வித் மேல பழி போடாதீங்க. மாதக் கோட்டா முடிஞ்சா வர்றது 509. 508-ன்னா உங்க அக்கவுண்டுக்கு வச்சிருக்கிற சிபியு, பிராசஸ் வரம்பு. டவுன்லோடு எண்ணிக்கை காட்ட பிளகின் ஏதாவது போட்டிருக்கீங்களா? அந்த மாதிரி சில பிளகின் ஃபைலை பிஎச்பி (சர்வர்ல ஓடுற நிரல்) வழியா அனுப்பும். ஒருத்தர் மந்தமான போன் நெட்டுல 12 எம்பி இறக்கி முடிக்கிற வரைக்கும் ஒரு என்ட்ரி பிராசஸ் (ஒரே நேரத்துல ஓட அனுமதிச்ச வேலைகள்ல ஒண்ணு) மாட்டிக்கிட்டு நிக்கும். வரம்பு 20-ன்னா 21-வது ஆளுக்கு 508 தான். நேரடி லிங்க் கொடுங்க, அது இந்தக் கணக்குக்குள்ளயே வராது.

விபிஎஸ்வேலன்:
நோயைச் சரியாப் பிடிச்சிட்டு மருந்தை மாத்திக் கொடுக்குறீங்களே! நேரடி லிங்க் கொடுத்தா 508 போயிடும், ஒத்துக்கிறேன். அடுத்து போர்ட் வேகம், அதாவது சர்வரோட நெட் இணைப்பு வேகம் இருக்கே. மாசத்துக்கு எவ்வளவுங்கிறது ஒரு கணக்கு, நொடிக்கு எவ்வளவுங்கிறது வேற கணக்கு. அந்த 240 ஜிபி சாயங்காலம் 6-லிருந்து 10-க்குள்ள போகணும்னா சராசரியே 133 எம்பிபிஎஸ் வேணும். சர்வர்ல இருக்கிறது 100 எம்பிபிஎஸ் போர்ட்டுன்னா? அதையும் பக்கத்துல இருக்கிற நூத்துக்கணக்கான தளங்களோட பங்கு போட்டாகணும். 100 எம்பிபிஎஸ் ராப்பகலா ஓடினாலும் 30 நாளைக்கு 32.4 டிபிதான். அவங்க 'அன்லிமிடெட்'டோட உச்சமே அதுதான். விதிமுறையில 'நியாயமான பயன்பாடு'ன்னு ஒரு பத்தி இருக்கும், அதுல எண் இருக்கான்னு தேடிப் பாருங்க.

டிஜிட்டல்ஓஷன்ங்கிற விபிஎஸ் கம்பெனியில 6 டாலருக்கு மாசம் 1,000 ஜிபி, தாண்டினா ஜிபிக்கு 1 சென்ட். பெங்களூர்லயே சர்வர் கிடைக்கும். 18% ஜிஎஸ்டி சேரும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

மேகநாதன்:
ரெண்டு பேரும் ஏன் சர்வரையே பிடிச்சுத் தொங்குறீங்க? பிடிஎஃப்பை அமேசானோட ஃபைல் கிடங்கான எஸ்3-ல போட்டு, முன்னாடி அவங்களோட விநியோகச் சேவையான கிளவுட்ஃபிரன்ட் வச்சா மாசம் 1 டிபி வரைக்கும் இலவசம். எஸ்3-லிருந்து கிளவுட்ஃபிரன்ட்டுக்குப் போற டேட்டாவுக்கும் காசு கிடையாது. ஒரே நேரத்துல எத்தனை பேர் வந்தாலும் அது தாங்கும்.

விபிஎஸ்வேலன்:
தாங்கும், பில்லும் ஏறும். அமேசானோட மும்பை சர்வர்லிருந்து நேரா அனுப்பினா முதல் 100 ஜிபிக்கு மேல ஜிபிக்கு 0.1093 டாலர். மாசம் 1,000 ஜிபின்னா 98 டாலர் பக்கம். நான் சொன்ன இடத்துல அதே அளவு அந்த 6 டாலருக்குள்ள அடங்கிடும். கிளவுட்ஃபிரன்ட்லயும் இலவசம் தாண்டினா இந்தியாவுக்கு ஏறக்குறைய இதே விலைதான்.

2024 பிப்ரவரியில நெட்லிஃபைங்கிற ஹோஸ்டிங் கம்பெனியில நடந்தது ஞாபகம் இருக்கா? இலவசத் திட்டத்துல இருந்த சின்னத் தளம். அதுல கிடந்த 3.44 எம்பி பாட்டு ஃபைலை யாரோ திரும்பத் திரும்ப இறக்கி, 190 டிபி ஓடிடுச்சு. 100 ஜிபிக்கு 55 டாலர் கணக்குல 1,04,500 டாலர் பில். முதல்ல 20%, அப்புறம் 5% கட்டினாப் போதும்னு சொன்னாங்க. விஷயம் இணையம் முழுக்கப் பரவின பிறகுதான் அவங்க தலைமைச் செயல் அதிகாரி முழுசா தள்ளுபடின்னு அறிவிச்சார்.

மேகநாதன்:
அது நெட்லிஃபை விலை சார். அமேசான்ல பட்ஜெட் அலர்ட் வச்சுக்கலாமே.

விபிஎஸ்வேலன்:
அலர்ட் மெயில் அனுப்பும், குழாயை மூடாது. மூடணும்னா நீங்களே தனியா ஏற்பாடு பண்ணணும். மெயில் வர்றதே சில மணி நேரம் பிந்தித்தான்.

கடலூர்க்காரன்:
இதைத்தான் நானும் சொல்றேன். ஷேர்டுல வரம்பு தாண்டினா தளம் நிக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு பில் வராது.

தேர்வுத்தோழன்:
பரீட்சைக்கு முந்தின ராத்திரி தளம் நின்னா எனக்கு அந்த வருஷமே போச்சுங்க!

புதுவைப்பறவை:
ஒரு வினாத்தாள் ஏன் 12 எம்பி இருக்கு, அதை யாருமே கேட்கலையே? சார் தளத்துல ஒண்ணை இறக்கிப் பார்த்தேன். அச்சடிச்ச தாளை 300 டிபிஐ கலர்ல ஸ்கேன் பண்ணது, மூலையில ஸ்டேப்ளர் பின் வரைக்கும் தெரியுது. யூனிகோடுல தட்டச்சு பண்ணி பிடிஎஃப் ஆக்கினா 1 எம்பிகூட வராது. 240 ஜிபி 20 ஜிபி ஆயிடும். மேல கிளவுட்ஃபிளேர் (இது அமேசான் இல்ல, வேற கம்பெனி) இலவசத் திட்டத்தைப் போடுங்க, பிடிஎஃப்பை அது தானாவே கேச் பண்ணும், அதாவது நகலைத் தன் சர்வர்ல வச்சு அங்கிருந்தே கொடுக்கும். பிளகின் லிங்க்ல பிடிஎஃப்-னு முடிவு இருக்காது, அதனால அது கேச் ஆகாது. எப்படிப் பார்த்தாலும் பிளகினைத் தூக்கியாகணும்.

விபிஎஸ்வேலன்:
அளவைக் குறைக்கிறது முதல் வேலைதான், சரி. ஆனா பழைய 12 எம்பி லிங்க் டெலிகிராம்ல சுத்திக்கிட்டேதானே இருக்கும்? ஹாட்லிங்க் தடுப்பும் (வெளி லிங்க்லிருந்து ஃபைல் இறக்குறதைத் தடுக்கிறது) அங்க பெரும்பாலும் உதவாது, ஆப்லிருந்து வர்றவங்களுக்கு ரெஃபரர் (எங்கிருந்து வந்தாங்கங்கிற குறிப்பு) இருக்காது.

புதுவைப்பறவை:
அதே பேர்ல புது ஃபைலை மேல ஏத்திட்டு, கேச்சை ஒரு தடவை பர்ஜ் பண்ணா (பழைய நகலை அழிச்சா) முடிஞ்சது அண்ணா. பழைய லிங்க்லயே சின்ன ஃபைல் போகும்.

தேர்வுத்தோழன்:
ஒரு தாளை மறுபடி தட்டச்சு பண்ணிப் பார்த்தேன், 640 கேபி. அதிகம் போற தாளை எல்லாம் முதல்ல மாத்திடுறேன், பிளகினையும் எடுத்தாச்சு. அப்ப ஷேர்டையே இன்னும் 3 வருஷத்துக்குப் புதுப்பிச்சிடலாமா?

கடலூர்க்காரன்:
அடிச்சுப் புதுப்பிங்க.

விபிஎஸ்வேலன்:
3 வருஷம் வேண்டாம். விளம்பரத்துல இருக்கிறது முதல் தவணை விலை, புதுப்பிக்கிற விலை வேற. ஒரு வருஷம் மட்டும் போட்டு, அடுத்த குரூப் 4 வாரத்துல சிபேனல் (ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கம்) பேண்ட்வித் வரைபடம் எங்க நிக்குதுன்னு இங்க வந்து போடுங்க. அப்ப பேசிக்கலாம்.