பொருள்: 'ஸ்ட்ரெட்ச் லிமோசின்': நீள்வதா, நீட்டுவதா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிய படநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் லிமோசின் என்னும் நெடிய சொகுசுக் கார்கள் இரு வகையாக வருகின்றன. கேடில்லாக் நிறுவனம் தன் ஆலையிலேயே நெடிதாகச் செய்த 75ஆம் வரிசைக் கார்கள் ஒரு வகை. முழு லிங்கன் காண்டினென்டல் காரை நடுவில் அறுத்து, 34 அங்குலம் சேர்த்து, சிகாகோவின் லேமன்-பீட்டர்சன் பட்டறை 1960களில் விற்றவை இன்னொரு வகை. இரண்டையும் 'நீள்மகிழுந்து' என்றே எழுதிவிட்டேன். இப்போது மனம் ஒப்பவில்லை. இப்படிச் செய்துதரும் பட்டறைக்காரரைக் குறிக்கவும் ஒரு சொல் வேண்டும்.
— மொழிபெயர்ப்பாளர்

ஐயா,

உங்கள் மனம் ஒப்பாதது சரியே. 'நீள்' தன்வினை. வினைத்தொகையாக விரித்தால் நீண்ட, நீள்கின்ற, நீளும் மகிழுந்து என்று வரும். சுரைக்கொடிபோல் தானே வளர்கின்ற கார் அது. அறுத்து ஒட்டியவர் ஒருவர் இருக்கையில் 'நீட்டு' என்னும் பிறவினைதான் பொருந்தும். ஆகவே 'நீட்டுந்து' என்க. கேடில்லாக்கோ பிறவியிலேயே நெடியது; வள்ளுவர் 'கால்வல் நெடுந்தேர்' என்றாரே, அவ்வழியில் அது 'நெட்டுந்து' ஆகட்டும். பட்டறைக்காரர் 'தேர்த்தச்சர்'. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சனை ஒளவையார் புறநானூற்றில் பாடியிருக்க, நாம் வேறெங்கும் கடன் கேட்பானேன்?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

இலக்கணம் சரி, காது ஏற்கவில்லை. வருந்து, அருந்து என்பவற்றோடு 'நீட்டுந்து' என்பதையும் மாணவர்கள் வினைச்சொல்லாகவே படிப்பார்கள். 'கொல்யானை' என்றால் கொல்வது யானைதான். அம்முறையில் 'நீட்டுந்து' எதையோ நீட்டுகின்ற வண்டியாகி, தீயணைப்புத் துறையின் ஏணி வண்டிக்கே பொருந்தும். 'நீட்டிய லிமோசின்' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். அந்தச் சொல்லே லிமூசன் என்னும் பிரெஞ்சு வட்டாரத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். தொடக்க கால லிமோசினில் ஓட்டுநர் வெளியே இருக்க, பயணிகள் மட்டும் மூடிய அறைக்குள் அமர்ந்தார்கள். நம் கூண்டு வண்டியின் அமைப்பும் இதுவே. 'கோச்சு' ஹங்கேரியின் கோச் என்னும் ஊரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் 'கோச்சி' என்று இரயிலுக்குப் பெயராயிற்று. எங்கள் அப்பம்மா கடைசிவரை இரயில் என்று சொன்னதில்லை.
— யாழ்ப்பாணத்திலிருந்து

கூண்டு வண்டி என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் கரூரில் பேருந்தின் அடிச்சட்டம் வந்து இறங்கினால் அதற்குக் 'கூண்டு கட்டுகிறோம்'. 'கூண்டு கட்டுநர்' என்று எழுதுங்கள். பட்டறையில் புழங்கும் சொல் அது. தேர்த்தச்சரைப் பற்றி ஒன்று: கிரைஸ்லரின் இம்பீரியல் லிமோசின்களை இத்தாலியின் தூரின் நகரத்துக் கியா பட்டறை 1957 முதல் 1965 வரை நீட்டித் தந்தது. இரண்டு கதவு உடல்களைக் கப்பலில் அனுப்பி, 20.5 அங்குலம் சேர்த்து, மொத்தம் செய்தவை 132. ஒளவையின் தச்சர் அவற்றைப் பதினேழே நாளில் முடித்திருப்பார்.
— கரூர்

கணக்கை ஏற்கிறேன், கூண்டை ஏற்கவில்லை. கென்னடி சுடப்பட்டபோது அமர்ந்திருந்த லிங்கன் கார், சின்சினாட்டியின் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் பட்டறை நீட்டியது. அன்று அதன்மேல் கூரையே இல்லை. அதில் கூண்டு எங்கே? மேலும் 'சுடுமண்' என்பது சுடப்பட்ட மண்ணே அன்றிச் சுடுகின்ற மண் அன்று. அதுபோல 'நீட்டுந்து' நீட்டப்பட்ட உந்தாக ஏன் நிற்கக்கூடாது?
— தமிழாசிரியர்

சுடுமண்ணுக்குப் பழக்கம் துணை நிற்கிறது, ஐயா. நீட்டுந்துக்கு இன்னும் ஒரு வாசகர்கூட இல்லை. பேருந்துக்குக் கட்டுவதையும் கூண்டு என்றுதானே சொல்கிறோம். அதில் யாரும் கிளி வளர்ப்பதில்லை.
— யாழ்ப்பாணத்திலிருந்து

நண்பர்களே, வியாழன் இரவாகிவிட்டது. 'நீட்டிய லிமோசின்', 'கூண்டு கட்டுனர்' என்று அனுப்பிவிட்டேன். கேடில்லாக்குக்கு மட்டும், புலவர் ஐயாவின் 'நெடு'வைக் கொண்டு 'நெடுங்கார்' என்று எழுதியிருக்கிறேன். தனிமடலில் எழுதிய மூவரும் இதற்கே இசைந்தார்கள்.
— மொழிபெயர்ப்பாளர்

'நெடுங்கார்' என்றால் நீண்ட மழைக்காலம் என்றும் பொருள்படும். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அது நிற்க, 'கட்டுனர்' பிழை. ஓட்டுநர்போல் 'கட்டுநர்' என்றே வரவேண்டும். அச்சகத்தைக் காலையில் தொலைபேசியில் அழைத்தால் இன்னும் திருத்தலாம்.
— தமிழாசிரியர்