எல் ஜோன் லேண்ட் பூலிங்: 60:40 கணக்கு சரியா, முன்பணம் கட்டலாமா?

கேள்வி – துவாரகா தமிழன்
தில்லி நஜஃப்கர் பக்கம், எல் ஜோன் என்ற திட்ட மண்டலத்தில், லேண்ட் பூலிங் முறையில் (பலர் நிலத்தைச் சேர்த்து, ஒரு பகுதியைப் பொதுத் தேவைக்கு விட்டு, மீதியில் கட்டுவது) வரப்போகும் ஃபிளாட்டுக்கு ஒரு சொசைட்டி உறுப்பினர் கட்டணமும் முன்பணமும் கேட்கிறது. "கையில் 10 ஏக்கர் இருக்கு, பூலிங்கில் 60 சதவீதம் நமக்கு, 6 ஏக்கரில் கட்டுறோம்" என்கிறார்கள். சொசைட்டி என்பதால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டாமாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – மயூர் விஹார் வாசி
6 ஏக்கரிலும் வீடு எழும்பாது சார். 2018 அக்டோபரில் அறிவித்த கொள்கைப்படி 4 ஏக்கர் சாலை, பூங்கா, குடிநீர் போன்ற பொதுத் தேவைகளுக்குப் போய்விடும். மீதி 60 சதவீதத்தில் குடியிருப்புக்கு 53, வணிகத்துக்கு 5, பொதுப் பயன்பாட்டுக்கு 2. ஆக, குடியிருப்புக்கு 5.3 ஏக்கர். அதிலும் அதிகபட்சம் 55 சதவீதம்தான் நிகரக் குடியிருப்பு நிலம் (வீட்டுக் கட்டடங்களுக்கான மனை), அதாவது சுமார் 2.9 ஏக்கர். எஃப்.ஏ.ஆர். 200, அதாவது மனையைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்பு (சென்னையில் எஃப்.எஸ்.ஐ. 2 என்போமே, அதுதான்), இந்த 2.9 ஏக்கர் மேல் மட்டுமே.

மொத்தத் தளப்பரப்பு சுமார் 2.54 லட்சம் சதுர அடி வரும். வீட்டுக்கு 1,500 சதுர அடி வைத்தால் 169 வீடு. நலிந்த பிரிவினருக்கான 15 சதவீத எஃப்.ஏ.ஆர். இதற்கு மேல் தனி. இதுவரை எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 400, 500 என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதில் – ஆர்.கே.புரம் கணேசன்
கணக்கு சரி. ஆனால் அந்த 10 ஏக்கர் தனியாக எதையும் தொடங்க முடியாது. ஜோனைப் பல செக்டர்களாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒரு செக்டரில் 70 சதவீத நிலம், வில்லங்கம் இல்லாமல், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் சேர வேண்டும். அதன்பின் உரிமையாளர்கள் கூட்டமைப்பு அமைத்து, செயலாக்கத் திட்டம் போட்டு, டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) ஒப்புதல் வாங்க வேண்டும். சிக்குவது பெரும்பாலும் இந்த 'ஒட்டினாற்போல்' என்ற இடத்தில்தான். கூட்டினால் 70 வரும், வரைபடத்தில் பார்த்தால் நடுநடுவே சேராத துண்டுகள், கிராம சபை நிலம், பங்காளி வழக்கு.

இன்னொன்று: எது எங்கே வரும் என்பதைக் கூட்டமைப்பே செக்டருக்குள் வகுத்துக்கொள்ளலாம். அரசே நிலத்தைக் கையகப்படுத்தி மனை பிரித்த பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. ஆனால் இன்று அவர்கள் காட்டும் வயலில் நாளை சாலை போகலாம். "இதே இடத்தில் ஃபிளாட்" என்று இப்போது யாராலும் உறுதி தர முடியாது.

துவாரகா தமிழன்
நன்றி. சரி, என்ன காகிதம் கேட்க வேண்டும்?

பதில் – கரோல் பாக் மீனாட்சி
ரெரா வேண்டாம் என்பது தவறு. உறுப்பினர்களுக்கு வீடு கட்டும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தையும் 2016 ரெரா சட்டம் புரமோட்டர் (பதிவு செய்ய வேண்டிய கட்டுநர்) என்றே சொல்கிறது. நிலம் 500 சதுர மீட்டருக்குள், அல்லது வீடு எட்டுக்குள் இருந்தால்தான் விலக்கு. பதிவுக்கு முன் விளம்பரமும் முன்பதிவும் கூடாது. பதிவு ஆனபின்னும், விற்பனை ஒப்பந்தத்தைப் பத்திரப்பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

சங்கப் பதிவுச் சான்றிதழில் எந்தச் சட்டம் என்று பாருங்கள். 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான 'வெல்ஃபேர் சொசைட்டி' வேறு, தில்லி கூட்டுறவுச் சங்கச் சட்டம் 2003-இல் பதிவான சங்கம் வேறு. பெயர்ப்பலகையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

நிலத்துக்கு: கஸ்ரா எண்கள் (நம்மூர் சர்வே எண் போல) வாங்கி, நம்மூர் பட்டா போன்ற கதௌனியில் யார் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பவர் பத்திரம், விற்பனை உடன்படிக்கை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். அவற்றால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. கடைசியாக, அந்த எண்கள் டி.டி.ஏ. தளத்தில் பூலிங்குக்குப் பதிவானதற்கான அத்தாட்சி.

ரெரா எண் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.