யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டில் பூவே இல்லையாம்!

கோண்டாவிலான்:
இந்தத் தளத்தில் பக்கத்துத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கட ஆக்களுக்குப் பூ என்றால் சாமிக்கும் கொண்டைக்கும்தான். சாப்பாட்டில் பூ வைப்பது கொழும்பு ஹோட்டல்காரர் கொண்டுவந்த பழக்கம்." வாசிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. வாழைப்பூ வறையும் முருங்கைப்பூ வறையும் எந்த ஹோட்டலில் இருந்து வந்தன? அகத்திப்பூ? எல்லாவற்றுக்கும் மேலாக வேப்பம்பூ வடகம் இருக்கிறதே! பங்குனி, சித்திரையில் வேம்பு பூத்துக் கொட்டும்போது மரத்தடியில் பழஞ்சேலை விரித்துப் பூச் சேர்த்து, காம்பு போகச் சுளகில் புடைத்து, நிழலில் காயவைத்து, அரைத்த உளுந்தும் செத்தல் மிளகாயும் சேர்த்துத் தட்டினால் வருஷம் முழுக்கச் சோற்றுக்கு உதவும்.

பருத்தித்துறை மருமகள்:
நில்லுங்கள் அண்ணை. பூவைக் காயவைத்தா? வடகத்துக்குப் பச்சைப்பூத்தான். காய்ந்த பூ ரசத்துக்கு.

கோண்டாவிலான்:
பச்சைப்பூவில் ஈரம் நிற்கும் அக்கா. உளுந்து இளகும். ஒரு நாள் மப்புப் போட்டால் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் வலிகாமப் பகுதியில் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

பருத்தித்துறை மருமகள்:
வலிகாமம் முழுக்க உங்கள் அடுப்படியோ? காய்ந்த பூ எண்ணெயில் விழுந்த உடனே கருகும். உளுந்து பொன்னிறமாக வரமுதல் பூ கரியாகிவிடும். பிறகு வாயில் வேம்பின் கசப்பு எங்கே, கருகல்தான். பச்சைப்பூ உளுந்துக்குள் பொதிந்து அதோடு சேர்ந்தே காயும், சேர்ந்தே பொரியும்.

கோண்டாவிலான்:
எண்ணெயைப் புகைய விட்டால் எதுவும் கருகும். அது பூவின் குற்றமில்லை, பொரிக்கிறவரின் குற்றம். காய்ந்த பூத்தான்.

ஸ்காபரோ:
இன்னும் வடகத்திலேயே நிற்கிறீர்களா? திரி தொடங்கியது சாப்பாட்டில் பூ வைப்பதைப் பற்றி. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவிட்டு அந்த நீலத் தண்ணீரில் சோறு சமைத்துப் பாருங்கள். தேசிக்காய் பிழிந்தால் ஊதாவாக மாறும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். போன முறை ஊருக்கு வந்தபோது பிறந்தநாள் கேக்கின் மேல் முற்றத்து அலரியும் நித்தியகல்யாணியும் வைத்தேன். அவ்வளவு அழகு.

மருந்துக்கடை:
அலரியா? தங்கச்சி, தயவுசெய்து இனிச் செய்யாதீர்கள். அலரி இதயத் துடிப்பையே குழப்பும் நஞ்சு. மஞ்சள் அலரிக் கொட்டையைத் தின்று எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். நித்தியகல்யாணியில் இருந்துதான் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் எடுக்கிறார்கள், அது தட்டில் வைக்கும் பூவா? கார்த்திகைப்பூவும் அப்படித்தான், அதில் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. மாலைக்கு விற்கிற பூவும் வேண்டாம், மருந்தடித்து வந்திருக்கும். வீட்டில் மருந்தடிக்காமல் வளர்த்த செவ்வரத்தையும் ரோஜாவும் போதும்.

ஸ்காபரோ:
பூவை எடுத்துவிட்டுத்தான் கேக்கை வெட்டினோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளிநாட்டில் இருந்து எழுதினால் உடனே வகுப்பெடுக்க வந்துவிடுவீர்கள், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழைப் பற்றிய திரியிலும் இதே கதைதான்.

மருந்துக்கடை:
காம்பில் வடிகிற பால் கிறீமில் ஊறாதா? நான் எந்த நாட்டைப் பற்றியும் பேசவில்லை, நஞ்சைப் பற்றிப் பேசுகிறேன்.

கோண்டாவிலான்:
அலரிக்கு வேறு திரி தொடங்குங்கள். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. மப்பு நாளில் பச்சைப்பூ வடகத்தை எங்கே காயவைப்பீர்கள்?

பருத்தித்துறை மருமகள்:
மப்பு நாளில் யார் வடகம் போடுகிறார்கள்? சித்திரை வெயிலில் நாலு நாள் போதும், தட்டினால் கல்லுப்போலச் சத்தம் கேட்கும். ஒடியற்கூழில் இறால் போடக்கூடாது என்று சண்டை பிடித்தவரும் நீங்கள்தானே? அப்போதே தெரியும் உங்கள் வாய்.

கோண்டாவிலான்:
கூழை ஏன் இழுக்கிறீர்கள்? அதிலும் நான் சொன்னதுதான் சரி. கேட்டது பூ. காய்ந்த பூ.

சாமிக்குப் பூ:
பக்கத்துத் திரியில் எழுதியது நான்தான். வாழைப்பூவும் முருங்கைப்பூவும் கறிச்சாமான், சந்தையில் மரக்கறியோடுதான் கிடக்கும். அதைப் பூ என்று கணக்கெடுத்தால் கோலிபிளவரும் பூத்தான். நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

கோண்டாவிலான்:
வேப்பம்பூவும் மரக்கறியோ தம்பி? உங்களுக்கு விளக்கமாகப் பிறகு எழுதுகிறேன். முதலில் அக்கா, உளுந்து எவ்வளவுக்குப் பூ எவ்வளவு போடுகிறீர்கள், அதைச் சொல்லுங்கள். பச்சைப்பூ என்றால் அளவே சரிவராது.

பருத்தித்துறை மருமகள்:
எனக்கு அளவு சொல்லித்தர வராதீர்கள். பச்சைப்பூ.